மகளின் விடுதி அறைக்கு 2,000 வெள்ளி தேவையா?

கேள்வி: ஆகஸ்ட்டில் என் மூத்த மகள் இங்கே சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். இருவர் தங்கும் அறை. நாங்கள் பாசிர் ரிஸ்ஸில் நாலறை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஒருவரின் சம்பளம்தான். அவளுக்காக 2,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்று லோரிக்கும் இரண்டு ஆட்களுக்கும் 380 வெள்ளி கேட்கிறது. சிறிய குளிர்பதனப் பெட்டி, மெத்தை மேல்விரிப்பு, மின்சார அரிசிக் குக்கர், புத்தக அலமாரி என்று நான் எழுதிய பட்டியல் 1,600 வெள்ளிக்கு வருகிறது. கல்விக் கட்டணத்தைக் கணவரின் மத்திய சேமநிதியில் (மசே நிதி) கட்டிவிட்டால் கையில் ரொக்கம் மிஞ்சும், தாராளமாக வாங்கு என்கிறார் என் அண்ணன். செய்யலாமா?

பதில்: சகோதரி, உங்கள் பட்டியலைப் படித்தபோது மகளுக்குச் சீர் கட்டும் ஒரு தாயைத்தான் பார்த்தேன். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சீர் போன வீட்டிலேயே தங்கிவிடும். விடுதிக்குப் போகும் பொருளோ மே மாதம் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். கல்வியாண்டு முடிந்ததும் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பயணச் செலவு உண்டு. போதாததற்கு நாலறை வீட்டில் அதற்கு ஓர் இடமும் வேண்டும்.

என் மகனை அழைத்துவர ஒரு மே மாதம் விடுதிக்குப் போயிருந்தேன். குப்பை போடும் இடத்துக்கு அருகே நன்றாக ஓடும் மின்விசிறிகள், துணி உலர்த்தும் கம்பிகள், உறை பிரிக்காத தலையணை எல்லாம் கிடந்தன. அவற்றோடு நாங்கள் 90 வெள்ளி கொடுத்து வாங்கிய அலமாரியையும் வைத்துவிட்டு வந்தோம். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அப்படி வீணாகக் கூடாது.

லோரியை விட்டுவிடுங்கள். கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, துணி அலமாரி எல்லாம் விடுதி அறையில் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் ஏற்ற வேண்டியவை இரண்டு பயணப் பெட்டிகளும் நான்கைந்து பைகளும்தான். ஆறு பேர் அமரும் வாடகைக் காரைக் காலை நெரிசல் அடங்கியபின் எடுங்கள். முன்பதிவு செய்யும்போதே கட்டணம் தெரிந்துவிடும். இதற்கு 100 வெள்ளி ஒதுக்கினால் தாராளம். அட்டைப் பெட்டிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பேரங்காடியில் கேட்டால் வெறும் பெட்டிகள் கிடைக்கும். புத்தகங்களைச் சிறு பைகளில் பிரித்து வையுங்கள். பெரிய பெட்டியில் அடைத்தால் தூக்க முடியாது, அடியும் கிழிந்துவிடும். அடையாள அட்டை, மடிக்கணினி, மருந்து ஆகியவை மகளின் தோள்பையில் இருக்கட்டும்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பாசிர் ரிஸ்ஸிலிருந்து பயனியர் நிலையம் வரை கிழக்கு மேற்கு ரயில் பாதையில் மாறாமல் போகலாம். ஏறுவது முதல் நிலையம் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். அங்கிருந்து 179ஆம் எண் பஸ் வளாகத்துக்குள் செல்கிறது. வார இறுதியில் வெறும் பையோடு வந்து, தேவையானதை நிரப்பிக்கொண்டு திரும்பலாம். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டித் தர வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த அவசியம் இல்லை.

முதல் வாரத்துக்கு இரண்டு படுக்கை விரிப்பு, தலையணை, துண்டுகள், துணி மாட்டிகள், அழுக்குத்துணிக் கூடை, பாதுகாப்பு முத்திரையுள்ள மின் நீட்டிப்புப் பலகை போதும். பாதி வீட்டிலேயே இருக்கும்; மீதியை முஸ்தஃபாவிலோ அக்கம்பக்கக் கடையிலோ வாங்கினாலும் 300 வெள்ளியைத் தாண்டாது. அறையில் சமைக்க விடுதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை, ஆகவே குக்கரை இன்றே நீக்கிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டுமா என்பதை அறைத்தோழியைச் சந்தித்து, விடுதி விதிகளையும் படித்த பிறகு மகளே முடிவு செய்யட்டும். தண்ணீர் சுடவைக்கும் கெண்டியும் அப்படித்தான்; இருவருக்கு ஒன்று போதும்.

அண்ணன் சொன்ன யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மசே நிதிக் கல்வித் திட்டம் ஒரு கடன். கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்த ஓராண்டுக்குப் பின் உங்கள் மகள் அதை ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், மசே நிதிச் சாதாரணக் கணக்குக்குரிய 2.5 விழுக்காடு வட்டியோடு. அதிகபட்சத் தவணைக் காலம் 12 ஆண்டுகள். கட்டணம் கட்ட வேறு வழியில்லை என்றால் அது நல்ல திட்டம்தான், தயங்காமல் எடுங்கள். மெத்தை மேல்விரிப்பு வாங்க ரொக்கம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அதைத் தொடாதீர்கள். அந்தப் பணம் கணவரின் முதுமைக்கு உரியது, கடனோ மகளின் முதல் சம்பளத்தின்மீது விழும்.

ஆக, இப்போது செலவு 400 வெள்ளி. மீதி 1,600 வெள்ளியில் 1,500 வெள்ளியை மகளின் வங்கிக் கணக்கில் போட்டு, சலவை, குளிர்சாதனக் கட்டணம், பாடத்துக்கான செலவு எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கடைசி 100 வெள்ளி உங்களிடமே இருக்கட்டும். மே மாதம் திரும்பி வரும் காருக்கு அது வேண்டும்.