கன்டெய்னரில் அடங்காத இயந்திரம்: வாசகர் கேள்வி பதில்

பெரிய இயந்திரங்களைக் கடல்வழி அனுப்புவது பற்றி வந்த கடிதங்களில் ஆறு இங்கே.

எங்கள் பட்டறையில் செய்த பிரஸ் ஒன்றைக் கென்யாவின் மொம்பாசாவுக்கு அனுப்ப வேண்டும். நீளம் 8.4 மீட்டர், அகலம் 2.9, உயரம் 3.1, எடை 26 டன். பிளாட் ராக் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கன்டெய்னர்) எடுக்கச் சொல்கிறார் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டாளர்). இங்கேயே ஏற்றிக் கட்டி அனுப்பிவிடலாமா?
கோவை வாசகர்

பிளாட் ராக் சரிதான். பட்டறையில் வைத்து ஏற்றுவதுதான் சரிவராது.

40 அடி ஹைகியூப் (கூடுதல் உயரமுள்ள) கன்டெய்னரின் கதவே 2.34 மீட்டர் அகலம், 2.58 மீட்டர் உயரம். உங்கள் இயந்திரம் அதில் நுழையாது. கூரை திறந்த ஓப்பன் டாப் உயரம் மிஞ்சிய சரக்குக்கு மட்டுமே உதவும். உங்களுக்கு அகலமும் மிஞ்சுகிறது. பிளாட் ராக்கின் அகலம் 2.44 மீட்டர் என்பதால் இரண்டு பக்கமும் 23 செ.மீ. வெளியே நீளும். அப்படி நீண்டால் கப்பலில் அதன் இருபுறமும் வேறு கன்டெய்னர் வைக்க முடியாது. உயரமும் மிஞ்சுவதால் தலைக்கு மேலும் வைக்க முடியாது. காலியாகப் போகும் அந்த இடங்களுக்கும் சேர்த்துத்தான் கப்பல் நிறுவனம் உங்களிடம் கட்டணம் வாங்கும். 10 செ.மீ. மிஞ்சினாலும் பக்கத்து இடம் போனது போனதுதான்.

அதனால் ஃபார்வர்டரிடம் விலை கேட்பதற்கு முன் வரைபடத்தை எடுத்து, அந்த 2.9 மீட்டர் எதனால் வருகிறது என்று பாருங்கள். பல இயந்திரங்களில் உடல் 2.4 மீட்டருக்குள் அடங்கிவிடும். மோட்டார் பிராக்கெட், பாதுகாப்புத் தகடு, ஏறி நிற்கும் பிளாட்ஃபார்ம் போன்றவைதான் துருத்திக்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, தனிப் பெட்டியில் போட்டு அதே ராக்கில் வைத்தால் பக்கத்து இடத்துக்கான கட்டணம் மிச்சம். வாங்குபவர் அங்கே மறுபடி பூட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

அடுத்தது சாலைக் கணக்கு. பிளாட் ராக்கின் தரை மட்டுமே ஏறத்தாழ 65 செ.மீ. உயரம். சாதாரண டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 1.5 மீட்டர் இருக்கும். உங்கள் 3.1 மீட்டரையும் கூட்டினால் மொத்தம் 5.25 மீட்டர். மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் நிற்கும் உயரக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே வண்டி மாட்டிக்கொள்ளும். இயந்திரத்தை மட்டும் ஒரு மீட்டர் உயர லோ-பெட் டிரெய்லரில் வைத்தால் 4.1 மீட்டரில் முடிந்துவிடும். துறைமுகத்துக்குப் பக்கத்து சரக்கு நிலையத்தில் கிரேன் வைத்து ராக்கில் ஏற்றுங்கள். பாகங்களைக் கழற்றாமல் 2.9 மீட்டர் அகலத்திலேயே கொண்டுபோவதானால் சாலை அனுமதியும் தேவை, ஏனெனில் 2.6 மீட்டருக்கு மேல் எல்லாமே மிகை அளவுச் சரக்கு. அனுமதி கைக்கு வரும் தேதியை உறுதி செய்த பிறகே கப்பலில் இடம் பதிவு செய்யுங்கள்.

பேக்கிங் முடிந்த பிறகு டேப் பிடித்து மறுபடி அளக்க மறக்காதீர்கள். துறைமுகத்தில் அளக்கும்போது நீங்கள் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தால் சரக்கு அந்தக் கப்பலை விட்டுவிடும்.

24 டன் கியர்பாக்ஸை பிளாட் ராக்கில் கட்ட எத்தனை சங்கிலி வேண்டும்? கட்டுகிறவர்கள் பக்கத்துக்கு மூன்று போதும் என்கிறார்கள்.
ஓசூர் வாசகர்

சங்கிலியின் பலத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. 13 மி.மீ. கிரேடு 80 சங்கிலி ஒன்று 10 டன் தாங்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சரக்குக் கட்டும் விதித்தொகுப்பில் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்துக் கட்டுகளின் அனுமதிக்கப்பட்ட பலத்தையும் கூட்டினால், அது சரக்கின் எடைக்குக் குறையக் கூடாது. மூன்று சங்கிலி 30 டன், எடை 24 டன்.

ஆனால் சங்கிலியின் மறுமுனை எங்கே மாட்டப்படுகிறது? பிளாட் ராக்கின் ஓரத்து வளையம் பல ராக்குகளில் 5 டன்தான் தாங்கும். வளையம் 5 டன் என்றால் அந்தக் கட்டும் 5 டன்தான், சங்கிலி எவ்வளவு தடிமனாக இருந்தாலும். 24-ஐ 5-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு ஐந்து ஆகிறது. ஆறு போடுங்கள். ஒரு வளையத்தில் இரண்டு சங்கிலி மாட்டினால் அது ஒரு கட்டுதான். தளத்திலிருந்து 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சங்கிலி பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்காது, அதையும் எண்ணிக்கையிலிருந்து விட்டுவிடுங்கள்.

பெரிய அலையில் கப்பல் உருளும்போது சரக்கின் எடையில் 80 சதவீதம் வரை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது, 2014-இல் வந்த கன்டெய்னர் ஏற்றும் விதித்தொகுப்பு. உங்களுக்கு அது 19 டன். அடியில் கட்டை போட்டால் உராய்வு 0.3 அளவில் இருக்கும், 7 டன்னைப் பிடிக்கும். வழுக்காத ரப்பர் விரிப்புக்கு 0.6, அது 14 டன்னைப் பிடிக்கும். ரப்பருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இரும்பின் மேல் இரும்பை மட்டும் வைக்காதீர்கள், நடுவில் எண்ணெய்க் கசிவு இருந்தால் பிடிப்பே இருக்காது.

சங்கிலிக்குப் பதில் கம்பிக் கயிறு என்றால் கிளிப்பைக் குனிந்து பாருங்கள். யு போல்ட் வெட்டிய முனையின் மேலும், வார்ப்புச் சேணம் இழுவை ஏறும் நீளமான கயிற்றின் மேலும் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் யு போல்ட் கயிற்றின் இழைகளை நசுக்கி, இழுவை தாங்கும் இடத்திலேயே பலவீனமாக்கிவிடும். டர்ன்பக்கிளை (கட்டை இறுக்கும் திருகு) முறுக்கி முடித்ததும் அது தானாகத் திரும்பாதபடி கம்பியால் பூட்டுங்கள். இயந்திரத்தில் கொக்கி மாட்டும் இடம் அடிச்சட்டத்தில் இருக்க வேண்டும், குழாயிலோ உறைத் தகட்டிலோ இருக்கக் கூடாது. அதற்கான லக்குகளை (கொக்கி மாட்டும் காதுகளை) வரைபடக் கட்டத்திலேயே போட்டுவிட்டால் துறைமுகத்தில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த ஒன்றை நாங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் வற்புறுத்துவோம்.

பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) 180 டன். நீளம் 18 மீட்டர், அகலம் 4.2, உயரம் 4.5. கனரகக் கப்பலில் போகப்போகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
திருச்சி வாசகர்

முதலில் கட்டணம். இவ்வகைச் சரக்குக்கு ஒரு டன் அல்லது ஒரு கன மீட்டர், எது அதிகமோ அதன்படி வாங்குவது வழக்கம். உங்களுடையது 340 கன மீட்டர், அதாவது எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே ஒரு நாஸில் (குழாய் இணையும் வாய்) அரை மீட்டர் துருத்திக்கொண்டிருந்து, அது ஃபிளாஞ்சில் கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். உயரம் 4.0 ஆனதும் 302 கன மீட்டர்தான்.

அடுத்து சேடில், அதாவது வெசலைத் தாங்கும் அடித்தாங்கி. இரண்டு சேடில், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்றால் மொத்தப் பரப்பு 3.6 சதுர மீட்டர். 180 டன் அதில் இறங்கும்போது சதுர மீட்டருக்கு 50 டன். கப்பல் அறையின் தரை சதுர மீட்டருக்கு 15 டன் தாங்குவது என்று வைத்துக்கொண்டால் 12 சதுர மீட்டர் வேண்டும். மீதியை எஃகு உத்தரங்கள் அடுக்கிப் பரப்ப வேண்டும். கப்பலின் உண்மையான அளவை அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள். மேல்தள மூடிகள் அறைத் தரையைவிடக் குறைவாகவே தாங்கும்.

கப்பலின் கிரேன்கள் விளம்பரத்தில் சொல்லும் பலம் கை நீளாதபோது கிடைப்பது. கை நீள நீளப் பலம் குறையும். உங்கள் வெசல் டிரெய்லரிலிருந்து தூக்கப்படும் தூரத்தில் கிரேன் எவ்வளவு தூக்கும் என்பதற்குத் தூக்கும் திட்ட வரைபடம் கேளுங்கள். நீங்கள் தரும் வரைபடத்தில் ஈர்ப்பு மையம் தெளிவாக இருக்க வேண்டும், வெசலின் மேலும் இருபுறமும் பெயின்டில் குறிக்க வேண்டும். அது தவறினால் இரண்டு கிரேன்களுக்கும் சுமை சமமாகப் பிரியாமல் ஒன்றுக்கு மிகையாகப் போகும்.

கப்பலில் நகராமலிருக்கத் தளத்தில் எஃகுத் தடுப்புகளை வெல்டிங் செய்வார்கள். அந்த வெல்டிங் சேடிலோடு நிற்க வேண்டும். வெசலின் உடலில் ஒரு புள்ளிகூடப் படக் கூடாது, பட்டால் பிரஷர் சான்றிதழே கேள்விக்குள்ளாகும். வேலை தொடங்கும்போது உங்கள் வெல்டிங் இன்ஸ்பெக்டர் அங்கே நிற்கட்டும். இறங்கும் துறைமுகத்தில் தடுப்புகளை வெட்டி எடுத்துத் தளத்தைச் சாணை பிடிக்கும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தளத்தில் வைக்கப்பட்ட இயந்திரம் சேதமானால் கப்பல் நிறுவனம் பணம் தருமா?
தூத்துக்குடி வாசகர்

அதை நம்பாதீர்கள். கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக்-விஸ்பி விதிகளில், மேல்தளத்தில் ஏற்றப்படுவதாக ஆவணத்தில் குறித்து அப்படியே ஏற்றப்பட்ட சரக்கு பாதுகாப்பு வளையத்துக்குள் வராது. அறைக்குள் வைத்தாலும் பொறுப்பின் உச்ச வரம்பு சிப்பத்துக்கு 666.67 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர், இவற்றில் கூடுதலானது. 20 டன் இயந்திரத்துக்கு 40,000 எஸ்.டி.ஆர். இயந்திரத்தின் விலை அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

காப்பீடு எடுக்கும்போது தளத்தில் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லா ஆபத்துக்கும் பொருந்தும் ஏ பிரிவு பாலிசியிலும் பேக்கிங் போதாமையால் வந்த சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. கட்டி முடித்ததும் ஒவ்வொரு லாஷிங்கையும் (கட்டு) எண்ணெழுதிய படமாக எடுத்து, சர்வேயரின் அறிக்கையோடு வையுங்கள்.

ஜெனரல் ஆவரேஜையும் மறக்காதீர்கள். கப்பலைக் காப்பாற்றச் செய்த செலவைச் சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லாரும் பங்கிட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் மாட்டிக்கொண்ட எவர் கிவன் கப்பலில் அப்படித்தான் அறிவித்தார்கள். உங்கள் பொருளுக்கு ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் விடுவிப்பார்கள். காப்பீடு இருந்தால் உத்தரவாதத்தை அந்த நிறுவனமே கொடுத்துவிடும்.

தார்ப்பாய் போட்டு மூடியும் துருப்பிடித்து இறங்கியது. ஏன்?
அம்பத்தூர் வாசகர்

தார்ப்பாய் மழையைத் தடுக்கும், உள்ளே வியர்ப்பதைத் தடுக்காது. வெப்பமண்டலத்தில் அடைத்த ஈரக்காற்று குளிர்ந்த கடலில் இரும்பின் மேல் நீராகப் படியும். இழைத்த பரப்புகளுக்குத் துருத் தடுப்பு எண்ணெய் பூசி, அலுமினிய அடுக்குள்ள உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, காற்றை உறிஞ்சி சீல் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் அட்டையை வெளியே தெரியும்படி பொருத்துங்கள். பச்சை மரத்தை உறைக்குள் வைத்தால் பைகள் அந்த மரத்தின் ஈரத்தைக் குடித்தே தீர்ந்துவிடும்.

பெட்டிக்கு முத்திரை இருந்தும் மரத்தில் குறை சொல்லி நிறுத்திவிட்டார்கள்.
ஈரோடு வாசகர்

முத்திரை பெட்டியில் இருந்தது, அடியில் செருகிய கட்டைகளில் இருந்ததா? பேக்கிங் மரத்தின் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி முட்டுக்கட்டைக்கும் ஆப்புக்கும் பொருந்தும். வெப்பமூட்டும் முறையில் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டையிலும் முத்திரை தெரிய வேண்டும். கட்டும் இடத்தில் கிடந்த துண்டு மரத்தை எடுத்துச் செருகுவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. முத்திரையிட்ட கட்டைகளை நீங்களே எண்ணி வண்டியில் கொடுத்தனுப்புங்கள், அறுத்தால் முத்திரை இல்லாத துண்டு ராக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.