பூவும் பழமும் ஒரே கிளையில்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் ஒரு பெரிய ஓவியம். காப்பிக் கிளை நிறைய வெள்ளைப் பூக்கள், சிவந்த பழங்கள். பக்கத்தில் ஆரஞ்சுப் பூப்பூத்த காட்டுச்செடியில் ஒரு கொண்டைக்குருவி. பின்னால் பனிமூட்டத்தில் காட்டெருமை. எல்லாம் அச்சு அசல். பறவை சுதந்திரத்துக்கும் எருமை வலிமைக்கும் குறியீடு என்றார் நண்பர். அப்படித்தான் பார்க்க வேண்டுமா? செல்பேசி கேமரா வந்தபின் இத்தகைய ஓவியங்களுக்கு என்ன மதிப்பு?

ச., சேலம்

அன்புள்ள ச.,

கேமரா கேள்வி நூறாண்டுப் பழசு, விடுங்கள். உங்கள் நண்பரை அப்படி விட மனமில்லை. பறவை என்றால் சுதந்திரம், எருமை என்றால் வலிமை என்று சொல்வதற்குப் படத்தைப் பார்க்கவே வேண்டாமே! குருவியின் அலகில் என்ன இருந்தது? அதை நீங்களும் எழுதவில்லை.

அந்தக் காட்டுச்செடி உண்ணிச்செடியாகத்தான் இருக்கும். அமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்கென்று வந்தது. பழத்தைத் தின்று அதைக் காடெல்லாம் விதைத்ததில் கொண்டைக்குருவிக்கும் பங்குண்டு. காப்பி எத்தியோப்பியச் செடி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். நீங்கள் இயற்கைக் காட்சி என்று ரசித்ததில் ஊர்க்காரர்கள் குருவியும் காட்டெருமையும்தான்.

நான் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தது காப்பிக் கிளைக்காக. என் மாமா நாகலூர்ப் பக்கம் தோட்டத்தில் மேஸ்திரி. மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது காப்பியைப் பூக்கவைக்கும் மழை, பெய்தால் பத்து நாளில் சரிவெல்லாம் வெளுத்துவிடும். மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் கருகிப்போகும். பூவில் கை வைத்தால் மாமா அதட்டுவார்: "மார்கழில பழத்த நீயா குடுப்ப?" அவர் பூவைப் பார்த்ததே இல்லை, பழத்தைத்தான் பார்த்தார்.

காலம் தப்பிய மழையில் பழத்தோடு ஓரிரண்டு பூ நிற்கும். கிளை நிறைய நிற்காது. எட்டு மாத இடைவெளியை ஓவியர் ஒரே கிளையில் அடக்கியிருக்கிறார். ஒவ்வொரு பூவும் அசல், கிளை கற்பனை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களும் வசந்தகால ட்யூலிப்பையும் கோடை ரோஜாவையும் ஒரே ஜாடியில் வைத்தார்கள். பூத்த பருவத்தில் தனித்தனியே வரைந்துவைத்துப் பிறகு சேர்ப்பார்கள். உங்கள் ஓவியர் என் மாமாவைப் போலப் பார்த்தவரா, "ரெண்டையும் போட்டுருங்க" என்று விடுதி முதலாளி சொன்னதைக் கேட்டவரா என்பதைப் பழத்தின் காம்பை எப்படி வரைந்திருக்கிறார் என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

மறுபடி போனால் காம்பையும் அலகையும் பார்த்து எழுதுங்கள். நண்பரை ஏரியில் படகு விட அனுப்பிவிடுங்கள்.