பசித்தவரிடம் போகும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா, நான் பொகவந்தலாவையில் தோட்ட முன்பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். எங்கள் திருச்சபையிலிருந்து பதினான்கு பேர் கென்யாவின் வடபகுதிக்கு 12 நாள் ஊழியப் பயணமாகப் போகிறோம். வரட்சியால் பட்டினி கிடப்போருக்கு உணவு கொடுப்பதும் நோயாளிகளுக்கு மருத்துவ முகாம் நடத்துவதும் நோக்கம். முதலுதவிப் பயிற்சியைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஆனாலும் மருந்து கொடுக்கும் மேசையில் என்னை அமர்த்தப் போவதாகச் சொல்கிறார்கள். நான் போகலாமா?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: போகலாம், சகோதரி. ஆனால் அந்த மருந்து மேசையில் அமர வேண்டாம்.

தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்து மடிந்தார்கள். அந்த வழியில் வந்தவர்களின் பேத்தி ஒருத்தி இன்னொரு தேசத்தின் பசியைக் கேட்டுப் புறப்படுகிறாள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியினால்தான் சில காரியங்களைக் கண்டிப்பாக எழுதுகிறேன்.

நான் தாதித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற மறுவருடம் இத்தகைய ஒரு குழுவோடு ஆப்பிரிக்க நாடொன்றுக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாளே பெரிய அண்டாவில் சோறும், எண்ணெய் விட்டுத் தாளித்த பருப்பும் சமைத்து வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினோம். நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பையனுக்குக் கன்னமும் பாதமும் உருண்டிருந்ததைப் பார்த்து, மற்றப் பிள்ளைகளைவிட இவன் தேறியிருக்கிறான் என்று எண்ணித் தட்டை நிறைத்து நீட்டினேன். அவ்வூர்த் தாதி ஒருவர் விரைந்து வந்து, தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவனுடைய புறங்காலைப் பெருவிரலால் சற்று நேரம் அழுத்திக் காட்டினார். விழுந்த குழி மேலெழவில்லை. நான் சதை என்று எண்ணியது நீர்கோத்த வீக்கம், அதாவது கடும் போசாக்கின்மையின் அடையாளம். பிரசவ விடுதியிலேயே காலத்தைக் கழித்த எனக்கு அத்தகைய பசியின் உருவம் பழக்கமில்லை. அந்தத் தாதி அங்கே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் என் கை நடுங்குகிறது.

நெடுநாள் பட்டினி கிடந்த உடல் தன் தசையையும் உப்புச் சத்துகளையும் செலவழித்தே உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் சோறும் சீனியும் ஒரேயடியாக உள்ளே போனால், இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுபட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சடுதியாக விழுந்துவிடுகிறது. இதயம் தடுமாறி, சில நாட்களுக்குள் உயிரே போய்விடலாம். ஆகவேதான் கடும் போசாக்கின்மைக்கு ஆளாகி நோயுற்ற பிள்ளைக்கு, 100 மில்லிலீற்றரில் 75 கலோரி மட்டுமே உள்ள எஃப்-75 என்ற பாலை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் விழித்திருந்து, சிறிது சிறிதாகப் புகட்டித் தொடங்குகிறார்கள். உடல் நிலைப்பட்ட பிறகே அதைவிடச் செறிவான எஃப்-100 பாலுக்கோ நிலக்கடலையில் செய்த ஊட்டப் பசைக்கோ மாற்றுகிறார்கள். இதைத் தீர்மானிப்பது அங்குள்ள சிகிச்சை நிலையத்தின் வேலை. எந்தப் பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டும் என்று கண்டறிய உதவுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளையின் மேற்கை நடுவில் 115 மில்லிமீற்றருக்குக் குறைவான சுற்றளவில் இருந்தாலோ, இரண்டு பாதங்களிலும் அத்தகைய வீக்கம் இருந்தாலோ அது கடும் போசாக்கின்மை. அளக்கும் நாடாவைப் பிடிக்க ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அறியாத பிள்ளையை அழவிடாமல் கையை நீட்ட வைக்கும் பக்குவம் முன்பள்ளி ஆசிரியையான உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குழுவில் வேறு எவரிடமும் அது இருக்குமா என்பது சந்தேகமே.

வரிசையின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் நலிந்தவர்களால் முண்டியடித்து முன்னே வர முடியாது. சில வேளை வரிசைக்கே வரமாட்டார்கள், மர நிழலில் படுத்திருப்பார்கள். ஆதித் திருச்சபையில் நாளாந்த உணவுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போனதால் எழுந்த முறைப்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். பந்தி விசாரிப்பது அவ்வளவு பெரிய பொறுப்பு.

இனி மருந்து மேசை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வார மாத்திரையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் முகாம், மூன்றாம் வாரத்தில் அந்த நோயாளியை யாரிடம் விடுகிறது? நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்தான். நம் பிரசங்கங்களில் அந்தச் சத்திரக்காரனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 60க்கும் மேற்பட்ட நம்மவரை வைத்தியர்களாக்கினார். தாம் ஊர் திரும்பிய பின்னரும் நோயாளியைப் பார்க்க அங்கே ஆள் இருக்கும்படி அவர் செய்துவைத்தார். உங்கள் குழுத்தலைவரிடம் கேளுங்கள்: அங்கே நம்மை அழைத்தது யார், எந்தச் சிகிச்சை நிலையத்தின் கீழ் வேலை செய்யப் போகிறோம், மருந்து கொடுப்பவர்களுக்கு அந்நாட்டின் அனுமதி உண்டா? பதில் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றதால் நமக்கு அந்த நோயின் நினைவே மங்கிவிட்டது. தடுப்பு மாத்திரையை மலேரியா தடை இயக்கத்திடம் கேட்டுப் பெற்று, திரும்பி வந்த பின்னும் சொன்ன நாள் வரை விடாமல் குடியுங்கள். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். நாம் கொண்டுவரும் கிருமி நுளம்பு வழியாக அயலாருக்குப் போய்விடக் கூடாது.

சுவாகிலி மொழியில் துன்பப்படுகிறவரைக் கண்டால் ‘போலே’ என்பார்கள். உங்கள் வருத்தத்தில் நானும் பங்கு என்பது அதன் கருத்து. அதைக் கற்றுக்கொண்டு போங்கள். சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் லயத்துப் பிள்ளைகள் வெறும் ரொட்டியையும் சாயத் தண்ணியையும் நம்பிப் பாடசாலைக்குப் போகிறார்கள். 2022இல் அதுவும் இல்லாத நாட்கள் இருந்தன. இந்த நிலையில் வெளிநாட்டு ஊழியத்துக்கு விமானச் சீட்டு வாங்கக் காணிக்கை கேட்பது நியாயமா?
– ஒரு தகப்பன், ஹப்புத்தளை

பதில்: ஐயா, உங்கள் வேதனை எனக்கும் உண்டு. ஆயினும் வெளியே போவதே தவறு என்று என்னால் சொல்ல முடியாது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினார்கள். கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் இத்தீவுக்கு வந்து, ஒற்றன் என்ற ஐயத்தின் பேரில் அதே கண்டியில் சிறையும் இருந்த யோசேவாஸ் அடிகள், தம் மருமகனான கர்வாலோ அடிகளோடு அங்கேயே தங்கி, உற்றாரே கைவிட்ட நோயாளரைத் தேடி எடுத்துக் குடிசைகளில் வைத்துப் பராமரித்தார். கோவாவிலும் அன்று ஏழைகள் இருந்திருப்பார்கள். அவர் வராதிருந்தால் நம் மலைநாட்டில் அந்த நோயாளிகளுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருந்திருக்காது. ஆனால் அவர் தமிழும் சிங்களமும் கற்று, 1711இல் கண்டியிலேயே இறக்கும் வரை 24 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆகவே காணிக்கை கேட்பவர்களிடம் கணக்குக் கேளுங்கள். பதினான்கு பேர் போகும் இடத்துக்கு, அங்குள்ளவர்கள் கேட்ட திறமையுடைய நான்கு பேர் போனால் போதாதா? மிச்சப்படும் பயணப் பணத்தில் ஒரு பங்கை அங்குள்ள சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பி, மறு பங்கில் உங்கள் தோட்டத்து முன்பள்ளியில் காலையில் கஞ்சி காய்ச்சலாம். போக விரும்புகிறவர்கள் முதலில் ஆறு மாதமாவது, பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால் லயத்து அறையில் தனித்துப் படுத்திருக்கும் முதியோரைக் குளிப்பாட்டிச் சோறூட்டட்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையில் மனம் ஒட்டாதவரை வெளிநாட்டுக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: இரு ஆண்டுகளுக்கு முன் ஊழியப் பயணமொன்றில், படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்து, மீண்டும் வருவேன் என்று சொன்னேன். போக வசதியில்லை. உறுத்துகிறது.
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: அவரைப் பார்த்துவரும் அங்குள்ள போதகருக்கோ தாதிக்கோ எழுதுங்கள், சகோதரி. வர இயலவில்லை என்பதையும், பெயர் சொல்லி நாள்தோறும் செபிக்கிறேன் என்பதையும் அந்த அம்மாவின் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து, என்ன தேவை என்று அவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். இந்த வாரமே தபாலில் சேருங்கள்.