அரையாண்டு விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்குவதில் என்ன இருக்கிறது?

“ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குச் சேலத்தில் இருக்கும் அத்தை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இரண்டே அறை கொண்ட வீடு, இணைய வசதியும் இல்லை, அங்கே போய் என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய் வாருங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் “இரண்டே அறை கொண்ட வீடு” என்ற சொற்களைப் படித்த பிறகு இவ்வளவோடு நிறுத்த என்னால் முடியவில்லை. 1995ஆம் ஆண்டு டிசம்பரில், அதே மலையில் அதே ஒன்பதாம் வகுப்பு படித்த நானும், அத்தை வீட்டில் இருந்துகொண்டே ஏறக்குறைய அதே சொற்களைச் சொன்னேன். அதை என் அத்தை கேட்டுவிட்டார்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மலையில் டிசம்பர் என்றால் பழம் பறிப்புக் காலம். பறித்த பழத்தை எடை போட்டு, ஆளுக்கு எத்தனை கிலோ என்று எழுதி முடிக்கவே இருட்டிவிடும் என்பதால், எங்கள் வீட்டில் யாரும் என்னோடு இறங்கி வர இயலாது. ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்களும், ஒரு பொட்டலம் மிளகும், அம்மா வறுத்து அரைத்த காப்பித்தூளும் வைத்துக் கொடுத்து, நடத்துநரிடம் சொல்லி என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்த நான், பாதி வளைவு இறங்குவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அடிவாரம் தாண்டியதும் சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு வரும். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்தப் படப்பிடிப்பு நிலையத்தைப் பற்றி அப்பா நிறையச் சொல்லியிருந்ததால், நகரம் என்றால் அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ பெரிய பொருள் என்று என் மனத்தில் பதிந்திருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புதுத் துணியோடு மலையேறி வரும் அத்தை அந்த நகரத்தில் வசதியாக வாழ்கிறார் என்றும் நம்பியிருந்தேன்.

அத்தை வீடு அம்மாபேட்டையில் இருந்தது. முன்னறையின் பெரும்பகுதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் மாமா உட்கார்ந்திருப்பார். அந்த ஆண்டு மழையில் குழியின் மண்சுவர் ஊறிப்போயிருந்ததால் காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டிருந்தார். மீதி இருந்த இடத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம். இரவு பத்து மணி வரை, தறியில் இழையைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாவின் ஓசை கேட்கும். காலையில் எதிர் வீட்டுக் கோலத்தில் பூசணிப்பூ வைப்பதற்கு முன்பே மறுபடியும் தொடங்கிவிடும். தை முகூர்த்தங்களுக்குக் கொடுக்க வேண்டிய பட்டு வேட்டிகள் மார்கழியில்தான் தறியில் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்கு எது ஓயாத மாதமோ அதுவே மாமாவுக்கும் ஓயாத மாதம்.

மூன்றாம் நாள் மாலை, அத்தை மகளிடம், “இங்கே என்ன இருக்கு? கால் நீட்டக்கூட இடமில்லை, நான் ஊருக்குப் போறேன்” என்றேன். அத்தை பின்கட்டில் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் ஓசை ஒரு கணம் நின்று, பிறகு மறுபடியும் கேட்டது. இரவில் எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்து வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நடந்ததைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அத்தை மகளுக்குக் காட்டுவதற்காகப் பையில் ஒரு கைப்பிடி காப்பிப் பழம் கொண்டுபோயிருந்தேன். சிவந்த பழத்தைப் பிதுக்கினால் வழுவழுப்பான இரண்டு கொட்டைகள் வெளியே வரும். மேலே இருக்கும் சதையைச் சப்பினால் இனிக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். அவளுக்குச் செய்து காட்டிவிட்டு, மாமா சாப்பிட எழுந்து போன நேரத்தில் தறியருகே போய், நெய்து முடிந்திருந்த வெள்ளைப் பட்டின் மேல் இடக்கையை ஊன்றிக்கொண்டு, நாடாவை இழுக்கும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் இருந்த பிசுபிசுப்புக்கு அப்போது நிறமே இல்லை. விடிந்த பிறகுதான் துணியில் நான்கு விரல்களும் பழுப்பாகத் தெரிந்தன.

அத்தை மகள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. மாமா யாரையும் கேட்கவும் இல்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையை மட்டும் எடுத்து, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்த்தால் பட்டு இழை சிலும்பிவிடும் என்பதால் ஒவ்வொரு விரல் தடத்துக்கும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. “பழத்துப் பாலுதான் கண்ணு, எண்ணெயா இருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. தறிகிட்ட வர்றப்ப மட்டும் கையைக் கழுவிக்கிட்டு வா” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மூன்று தடங்கள் போய்விட்டன. சுட்டுவிரல் தடம் மங்கலாக நின்றுவிட்டது.

அன்றிலிருந்து நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. அத்தை மகளோடு உட்கார்ந்து தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில் இழையைச் சுற்ற, கற்றுக்கொண்டேன். வலக்கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே, இடக்கை விரல்களுக்கிடையில் இழையைப் பிடித்து, தார்க்குச்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் கொண்டுபோக வேண்டும். பிடி இறுகினால் இழை அறுந்துவிடும். தளர்ந்தால் நாடாவுக்குள் போன பிறகு தார் சரிந்து, நெய்கிறவர் வேலையை நிறுத்திச் சிக்கெடுக்க வேண்டியிருக்கும். நான் சுற்றிய முதல் ஐந்தாறு தார்களை மாமா வாங்கி வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அத்தையிடம் கொடுத்துத் திரும்பச் சுற்றவைத்தார் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. (வீட்டில் பிள்ளைகளை வேலை வாங்குவதை நியாயப்படுத்துகிறேன் என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அத்தை மகள் பின்னர் கல்லூரி முடித்து ஆசிரியையாக இருக்கிறாள். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையில் ராட்டையைக் கொடுங்கள் என்பது என் கருத்தன்று.)

அந்தச் சனிக்கிழமை மாமா நெய்து முடித்த வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு நூல் கொடுத்த முதலாளி வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அங்கிருந்தவர் விளக்கு வெளிச்சத்தில் வேட்டியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்தி, மங்கலான தடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். மாமாவும் ஒன்றும் பேசவில்லை. கூலியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் வாங்கிய பணத்தை மாமா மூன்று முறை எண்ணியதைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தள்ளுவண்டியில் நிறுத்தி எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, சட்னி தடவிக் கொடுக்கும் சேலத்துப் பண்டம். நீங்களும் அறிந்திருப்பீர்கள். அதை வாயில் வைத்தபோதுதான் அழுதேன், கையை ஊன்றியது நான்தான் என்றும் சொன்னேன். “தெரியும் கண்ணு, விரல் சைஸைப் பார்த்தாலே தெரியாதா?” என்றார்.

என் தாத்தாவும் நெசவாளர்தான் என்பதும், அதே தெருவில் தறி போட்டிருந்தவர் என்பதும், அப்பா இருபது வயதில் தறியை விட்டு மலையேறியவர் என்பதும் அந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெரிந்தன. அப்பா அதை மறைத்தார் என்று சொல்ல மாட்டேன், பேசவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். பழம் பறிப்பு ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு சேலம் இறங்கினார். மாமாவிடம் பணம் கொடுக்க முயன்றார், மாமா வாங்கவில்லை. பிறகு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அவர் கால் மிதியைத் தேடவில்லை. பிற்பகல் வரை நெய்தார். அத்தை கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சேலத்து வெண்பட்டுக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெருமைதான். ஆனால் கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்த பிறகும், எங்கள் அத்தை தெருவில் கைத்தறி ஓசை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, விசைத்தறி ஓசைதான் கூடியது. மாமாவின் தறியும் இப்போது இல்லை, குழியை மூடித் தளம் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்து நாள் நான் போகாமல் இருந்திருந்தால், என் குடும்பத்தின் தொழிலை நான் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டேன்.

உங்கள் அத்தை வீட்டில் தறி இருக்க வேண்டும் என்று நான் கற்பனை செய்யவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என்றால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கலாம். உருக்காலைக்கு வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம், அல்லது இருவரும் துணிக்கடையில் நின்றுவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் அதிகம் பேசாதவர்களாக இருந்தால் நீங்களே கேளுங்கள். எல்லா உறவினர் வீடும் எங்கள் மாமா வீடு போல இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். மரியாதை கிடைக்காத வீடு என்றால் போக வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் சொன்ன குறை இடத்தைப் பற்றியது, அவர்களைப் பற்றியது அன்று.

“பத்து நாள் போனால் படிப்பு கெட்டுவிடாதா?” என்று பெற்றோர் யாரேனும் கேட்கலாம். இப்போது அரையாண்டு விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைக்கும் பள்ளிகள் உள்ளன. என் அண்ணன் மகனுக்குச் சென்ற ஆண்டு நான்கே நாள்தான் விடுமுறை கிடைத்தது. உங்களுக்குப் பத்து நாள் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் மறுபடியும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு நாளாவது கோட்டை மாரியம்மன் கோவிலுக்குப் போய், அருகில் ஓடும் திருமணிமுத்தாற்றைப் பாருங்கள். நம் சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் ஆறு நகரத்துக்குள் எப்படிக் கறுத்து ஓடுகிறது என்று மலையில் வளர்ந்த பிள்ளை பார்க்க வேண்டும்.

கையில் பழமோ மிளகோ கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். சேலத்தில் பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாது, விடியற்காலைக்கு ஒரு போர்வை போதும். இறங்குவதற்குக் காலைப் பேருந்தே நல்லது. திரும்புவதை மட்டும் புத்தாண்டை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாள்களில் சுற்றுலா வண்டிகள் வளைவுக்கு வளைவு நின்றுவிடும், மலையேறும் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. இரண்டு நாள் கழித்துக் கிளம்பினால், அந்த இரண்டு நாளும் அத்தை வீட்டிலேயே இருக்கலாம்.