முகம் கொடுக்கிறவர்

அன்புள்ள ஐயா,
கல்முனையில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘அஃபபிள்’ (affable) என்பதற்கு ‘நட்பான’ என்று கரும்பலகையில் எழுதினேன். “அப்ப ஃபிரெண்ட்லிக்கு என்ன சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். இரண்டும் ஒன்றுதானா? தமிழில் இதற்கென்று தனிச்சொல் உண்டா?
வாசகர், கல்முனை

அன்புள்ள ஆசிரியருக்கு,
பிள்ளை சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். இரண்டும் ஒன்றல்ல.

அஃபபிள் இலத்தீனிலிருந்து வந்த சொல். ‘பேச்சுக்கொடுக்க எளியவர்’ என்பதுதான் அதன் வேர்ப்பொருள். அன்பு, பாசம் எதுவும் அதில் இல்லை. அவரிடம் போய் வாய் திறக்க நமக்குத் தயக்கமில்லை, அவ்வளவுதான். கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, ஒரு கையெழுத்துக்காகப் போகிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, “இருங்க, என்ன விஷயம்?” என்கிறார். அவர் அஃபபிள். ஆனால் உங்கள் நண்பர் இல்லை; நீங்கள் படியிறங்குமுன் உங்கள் பெயரையே மறந்திருப்பார். உயிர்ச் சிநேகிதன் ஒருவன் எந்நேரமும் உர்ரென்று இருப்பான், கேட்ட நேரத்தில் கடன் தருவான். அவனை அஃபபிள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஃபிரெண்ட்லி பொதுச்சொல். வாலாட்டும் நாய்க்கும் சொல்லலாம். அஃபபிள் மனிதருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் நம்மைவிட ஒரு படி மேலே இருப்பவருக்கு: பாடசாலை அதிபர், டொக்டர், விருந்துக்கு அழைத்தவர். பேச்சைவிட எழுத்தில்தான் அதிகம் வரும். நல்லவர் என்ற உத்தரவாதமும் அதில் கிடையாது. தேர்தல் காலத்தில் நம் வாசலுக்கு வருகிற எல்லோருமே அஃபபிள்தானே!

தமிழுக்கு வருவோம். வள்ளுவரிடம் ‘எண்பதம்’ இருக்கிறது, எளிதில் அணுகக்கூடிய தன்மை. யாரிடமும் எண்பதத்தோடு இருந்தால் பண்புடைமை எளிதாக வாய்க்கும் என்கிறது 991ஆம் குறள். அரசனைப் பற்றிய 386ஆம் குறளில் அதையே ‘காட்சிக்கு எளியன்’ என்கிறார். அருமையான சொற்கள்தான், ஆனால் இன்றைக்கு ‘எளியவர்’ என்று எழுதினால் ஏழை என்றே வாசிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது நம் வாயில் புழங்குவதுதான்: “அவர் முகம் குடுத்துப் பேசுற ஆள்.” மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் இதைப் பாராட்டாகக் கேட்பதைவிட முறைப்பாடாகக் கேட்பதுதான் அதிகம்: “மனிசன் முகம் குடுத்தும் பேசுறாரில்ல.” (பத்திரிகைகளில் ‘சவால்களுக்கு முகங்கொடுத்தல்’ என்று வருகிறதே, அது வேறு. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இது பெயரடையில்லையே என்பீர்கள். ‘முகங்கொடுத்துப் பேசுகிற அதிபர்’ என்று எழுதினால் பெயரெச்சமாக நின்று அந்த வேலையைச் செய்துவிடும். விடைத்தாளுக்கு அது நீளம் என்று பட்டால் ‘எளிதில் பழகக்கூடிய’ போதும். ‘நட்பான’ என்பதை ஃபிரெண்ட்லிக்கே விட்டுவிடுங்கள்.