ரோமானியப் படையில் கட்டுப்பாடு: கேள்வி பதில்

கேள்வி: பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனை அடிக்கடி நடந்ததா, சார்?

இல்லை, அரிது. சினிமாவைப் பார்த்துவிட்டு வாராவாரம் நடந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கலகம் செய்தபோது, களத்தைவிட்டு ஓடிய தன் வீரர்கள் 500 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் 50 பேரைக் கொன்றார் ரோமானியத் தளபதி கிராஸஸ். அப்போதே அது வழக்கொழிந்த பழைய தண்டனை என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

கேள்வி: காவலில் தூங்கியவனை எப்படிப் பிடிப்பார்கள்?

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விலாவாரியாகச் சொல்கிறார். ஒவ்வொரு காவலிடத்திலும் குறியிட்ட ஒரு சிறிய பலகை இருக்கும். இரவில் சுற்றிவரும் குதிரை வீரன், விழித்திருப்பவனிடம் அதை வாங்கிக்கொள்வான். தூங்குகிறானா? கூட வந்தவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, எழுப்பாமலே போய்விடுவான். விடிந்ததும் எந்தப் பலகை குறைகிறது என்று பார்த்தால் போதும், ஆள் சிக்கிவிடுவான். விசாரணையில் குற்றம் உறுதியானால் அதிகாரி அவனைத் தடியால் லேசாகத் தொடுவார். அவ்வளவுதான். அதன்பின் முகாமே சேர்ந்து கல்லாலும் தடியாலும் அடிக்கும். தப்பிப் பிழைத்தாலும் ஊருக்குப் போக முடியாது, உறவினர்கூட வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அடிப்பவர்கள் கூடாரத்துத் தோழர்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. அவன் தூங்கினால் ஆபத்து அவர்களுக்குத்தானே!

கேள்வி: சொந்த மகனையே கொன்ற தளபதி உண்டாமே?

டைட்டஸ் மான்லியஸ், கி.மு. 340. தடையை மீறித் தனிச்சண்டைக்குப் போய் ஜெயித்து வந்த மகனுக்கு மரண தண்டனை கொடுத்தார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இதை எழுதியது 300 ஆண்டுகள் கழித்து என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் திரும்பியபோது மான்லியஸை வரவேற்கப் வயதானவர்கள் மட்டும்தான் போனார்களாம்.

கேள்வி: அப்படியானால் தளபதியின் வேலை பயமுறுத்துவது மட்டும்தானா, ஐயா?

அது மட்டும் போதாது. கி.மு. 134-இல் ஸ்பெயினிலிருந்த நுமான்ஷியா நகரத்தின் மீதான போருக்கு வந்த தளபதி சிப்பியோ எமிலியானஸ், முகாமிலிருந்த வியாபாரிகளையும் குறிசொல்பவர்களையும் முதலில் விரட்டினார். சமைக்க ஒரு கம்பி, ஒரு பாத்திரம், ஒரு குவளை போதும் என்றார். கட்டிலுக்கும் தடை. வைக்கோலில் முதலில் படுத்தவர் அவரே. அப்புறம் தினமும் முகாம் கட்டுவது, இடிப்பது, பள்ளம் வெட்டுவது, மூடுவது. மறு ஆண்டு நகரம் விழுந்தது.

கேள்வி: வீரர்கள் திருப்பி அடித்ததே இல்லையா?

அடித்தார்கள். கி.பி. 14-இல் டான்யூப் நதியோரப் பகுதியான பன்னோனியாவில் கலகம் வெடித்தது. லூசிலியஸ் என்ற நூற்றுவர் தலைவன், வீரர்களின் முதுகில் திராட்சைக் கொடிப் பிரம்பு ஒடியும்வரை அடித்துவிட்டு, "இன்னொன்று கொண்டு வா" என்று கத்துவான். அதுவே அவனுக்குப் பட்டப்பெயரும் ஆயிற்று. கலகத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள்.