இளைத்தது வயதாலா, கவனிப்பார் இல்லாததாலா?

கேள்வி: 78 வயதாகும் என் அம்மா, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் 14 மாதங்களாக இருக்கிறார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஐந்து மாதங்களுக்கு முன் 52 கிலோ இருந்தவர், போன வாரம் நான் அழைத்துப் போய் எடை பார்த்தபோது 45 கிலோதான் இருந்தார். வளையல் கழன்று விழுகிறதென்று என்னிடமே கழற்றிக் கொடுத்துவிட்டார். முடி உதிர்கிறது, முன்கைகளில் ஊதா நிறத் திட்டுகள் வருகின்றன, பகலிலும் தூங்குகிறார். இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்கிறது. இல்லத்தில் கேட்டால், வயதானால் இளைக்கத்தான் செய்வார்கள் என்கிறார்கள். பசிக்கு ஒரு சிரப்பும் புரோட்டீன் பவுடரும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். போதுமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: போதாது. முதலில் அந்தச் சிரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பசி சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்து. அது முதியவர்களுக்கு மயக்கமான தூக்கத்தையும் மனக்குழப்பத்தையும் மலச்சிக்கலையும் தந்து, நடக்கும்போது விழவும் வைக்கும். முடி உதிர்வதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்; மருத்துவரிடம் சொன்னால் போதும். ஊதாத் திட்டுகள் முன்கைகளோடு நிற்கும்வரை, மெலிந்த தோலில் லேசாக இடித்ததால் வந்தவை என்றே கொள்ளலாம். இணையம் சொன்ன புற்றுநோயைப் பரிசோதனைக்கு விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு அங்கே ஒழுங்காகச் சோறு போடுகிறார்களா என்பதுதான் உங்களை உறங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். அதைக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ குறைந்தால், அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது என்பது முதியோர் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். உங்கள் அம்மா ஐந்து மாதங்களில் 13 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கிறார். அவர் கழற்றிக் கொடுத்த வளையலை நான் இரத்தப் பரிசோதனை முடிவுக்கு இணையாக மதிப்பேன்.

எடை குறைந்ததாலேயே இல்லத்தார் பட்டினி போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. காசநோய், தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, மறதிநோய், பொருந்தாத பல்செட், விழுங்குவதில் சிரமம் என்று காரணங்கள் பல இருக்கின்றன; மெட்ஃபார்மினே சிலருக்குப் பசியைக் கெடுக்கும். ஆனால் ஏழு கிலோ குறையும்வரை மாதம் ஒருமுறைகூட எடை பார்க்காமல், மருத்துவரை அழைக்காமல், மகளுக்கும் சொல்லாமல் இருந்திருந்தால், நோய் எதுவானாலும் அது புறக்கணிப்புதான்.

பல இல்லங்களில் சோறு குறைவதில்லை. தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடும் பணியாளருக்கு நேரம்தான் குறைகிறது. கை நடுங்கும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரம் கிடைக்காதபோது தட்டு அப்படியே திரும்புகிறது, 'அவர்கள் சாப்பிடவில்லை' என்ற குறிப்போடு. பிறகு மெல்ல முடியவில்லை என்று கஞ்சிக்கு மாற்றுகிறார்கள். 45 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். நீர்த்த அரிசிக் கஞ்சியில் அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. மாலை ஆறரைக்கு இரவு உணவை முடித்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்குச் சிற்றுண்டி தந்தால், நடுவே பதின்மூன்றரை மணி நேரம் வெறும் வயிறு.

ஆகவே, முன்கூட்டிச் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருங்கள். அம்மாவின் பக்கத்தில் யார் இருக்கிறார், பல்செட் வாயில் இருக்கிறதா அல்லது டப்பாவில் இருக்கிறதா, தண்ணீர் அவர் கைக்கு எட்டுகிறதா, விழுங்கும்போது இருமுகிறாரா என்று பாருங்கள். எடைப் பதிவேட்டைக் கேளுங்கள். பின்னிடுப்பையும் குதிகால்களையும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். எழுப்பினாலும் தெளியாத மயக்கமோ, அடர்ந்த நிறத்தில் சொற்பமாகப் போகும் சிறுநீரோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றாலும், இந்த வாரத்துக்குள் ஒரு முதியோர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட அரசின் தேசிய முதியோர் நல மருத்துவமனை அம்மா இருக்கும் இடத்திலிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துப் போங்கள்; கிளிமெபிரைட் போன்ற மாத்திரையும் சேர்ந்திருந்தால், சரியாகச் சாப்பிடாதவருக்கு அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தும். சர்க்கரை நோய் என்று பயந்து எதையும் தராமல் வைத்திருந்தால் அந்தப் பத்தியத்தைத் தளர்த்துவது பற்றியும் கேளுங்கள். முட்டை, பால், தயிர், குழைத்த பருப்புச் சோறு ஆகியவை அந்தப் பவுடரைவிட அவருக்கு உதவும். பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர் என்று தெரிந்தால், பரிவினால்கூட ஒரேயடியாக நிறைய ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் திடீரெனச் சரிந்து இதயத்தைத் தாக்கக்கூடும் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தாலோ, 'வயதுதான்' என்ற பதிலையே திரும்பச் சொன்னாலோ, மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கு இரண்டு எடை அளவுகளையும் தேதிகளோடு குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரின் முடிவுக்காகக் காத்திருக்காமல் அம்மாவை அங்கிருந்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.